நம்மை அறிந்த மருத்துவர்: பொது மருத்துவத் தொழிலின் இன்றைய நிலை

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்றி, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட எவரும் அடுத்த நாளே ஒரு கிளினிக் திறந்து பொது மருத்துவராக உட்காரலாம். அறுவை சிகிச்சை செய்ய மூன்றாண்டு மேற்படிப்பு வேண்டும். மயக்க மருந்து கொடுக்கவும், எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லவும் தனிப் படிப்பு வேண்டும். பொது மருத்துவரிடம் மட்டும் அப்படி எதையும் யாரும் கேட்பதில்லை. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை, கல்லூரிப் பெண்ணின் இரத்தசோகை, ஐம்பது வயதுக்காரரின் நெஞ்செரிச்சல், எண்பது வயது மூதாட்டியின் மறதி எல்லாம் ஒரே காலையில் அவர் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த நெஞ்செரிச்சல் வாயுத் தொல்லையா, மாரடைப்பின் தொடக்கமா என்று முதலில் சந்தேகப்பட வேண்டியவர் அவர்தான். மருத்துவத்திலேயே அகலமான இந்த வேலைக்குக் குறைந்த ஆயத்தம் போதும் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். தொழிலின் இன்றைய சிக்கல்களில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவை.

பொது மருத்துவரின் உண்மையான பலம் என்ன? பெரிய கருவிகள் அவரிடம் இல்லை. அரிய நோய்களில் அவருக்கு நிபுணத்துவமும் இல்லை. ஒரே மனிதரை, ஒரே குடும்பத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிறார் என்பதுதான் அவருடைய பலம். இதை வெறும் பாசப் பேச்சாகச் சொல்லவில்லை. நார்வேயில் 2001 முதல் குடிமக்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட பொது மருத்துவரின் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். அங்கே ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்டகாலம் இருந்தவர்களிடையே பணி நேரத்துக்குப் பிந்தைய அவசர சேவையை நாடுவதும், திடீரென மருத்துவமனையில் சேர்வதும், மரணமும் ஏறத்தாழ கால் பங்கு முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருந்தன. எந்தப் புதிய மருந்துக்காவது இப்படி ஒரு முடிவு கிடைத்திருந்தால் உலகமே அதை வாங்க வரிசையில் நின்றிருக்கும்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. நம்மை அறிந்த மருத்துவருக்கு நம் இயல்பான நிலை தெரியும். எதற்கும் வாய் திறக்காத விவசாயி ஒருவர் "கொஞ்சம் அசதியா இருக்கு டாக்டர்" என்று வந்து நின்றால் அது சாதாரண அசதி இல்லை என்று அவருக்குப் புரியும். அடிக்கடி படபடப்போடு வருபவரை உடனே எக்கோ ஸ்கேனுக்கு அனுப்பாமல் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கும் துணிவும் அவருக்கு உண்டு. நோயாளிக்கும் அவர் சொன்னால் கேட்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும். நம் நாட்டில் பொது மருத்துவரின் பயிற்சி, வருமானம், அவரைச் சுற்றியுள்ள சட்டம் எல்லாம் இந்தத் தொடர்ச்சிக்கு எதிராகவே அமைந்திருக்கின்றன என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கதை சுதந்திரத்துக்கு முன்பே தொடங்குகிறது. அன்றைய இந்தியாவில் ஆங்கில மருத்துவர்கள் இரண்டு வகை: பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் ஒருபுறம், குறுகிய படிப்பை முடித்த எல்.எம்.பி. டாக்டர்கள் மறுபுறம். சிற்றூர்களுக்கு ஊசியும் மிக்சரும் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் எல்.எம்.பி.க்களே. சென்னை ராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளி அவர்களை உருவாக்கியது. அதுதான் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியும் எல்.எம்.பி. பள்ளிதான். 1946இல் சர் ஜோசஃப் போர் தலைமையிலான குழு அறிக்கை தந்தபோது நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் 30,000 பேரளவில் எல்.எம்.பி.க்கள்.

இனி நாட்டுக்கு ஒரே வகை மருத்துவர்தான் வேண்டும், அவர் முழுப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று போர் குழு பரிந்துரைத்தது. கிராமத்தானுக்கு மட்டும் ஏன் அரைகுறைப் படிப்பு டாக்டர் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. குழுவுக்குள்ளேயே சிலர் இதற்கு மறுப்புக் குறிப்பும் எழுதினார்கள். பெரும்பான்மையின் முடிவே நின்றது. எல்.எம்.பி. பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது கல்லூரிகளாக உயர்ந்தன. குழு கனவு கண்ட "அடிப்படை மருத்துவர்" சமுதாயத்தை அறிந்தவர், நோய் வருமுன் தடுப்பவர். அவரை உருவாக்கும் பொறுப்பு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் கையில் போனது. அங்கே பாடம் நடத்தியவர்கள் எல்லோரும் சிறப்பு மருத்துவர்கள். மாணவன் தன் கண்முன் பார்த்தவர்களைப் போலவே ஆக விரும்பினான். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஒரு நாள்கூட நல்ல பொது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் உட்காராமலே ஒருவர் டாக்டராகிவிட முடிந்தது.

பிரிட்டனிலும் பொது மருத்துவர் ஒரு காலத்தில் இப்படித்தான் மதிக்கப்பட்டார். தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கியபோது, சிறப்பு மருத்துவராக முடியாமல் ஏணியிலிருந்து விழுந்தவர்களே பொது மருத்துவர்கள் என்ற எண்ணம் அங்கே வெளிப்படையாகவே இருந்தது. அவர்கள் 1952இல் தங்களுக்கென்று ஒரு கல்லூரி அமைத்துக்கொண்டார்கள். 1966இல் அரசோடு ஒப்பந்தம் போட்டு, உதவியாளருக்கும் கட்டடத்துக்கும் பணம் பெற்றார்கள். 1980களின் தொடக்கத்தில் பொது மருத்துவத்துக்கான மூன்றாண்டுப் பயிற்சி அங்கே கட்டாயமானது. நம் ஊர்களில் படித்துவிட்டுப் போன தெற்காசிய மருத்துவர்கள் இந்த வரலாற்றில் பெரும் பங்கு வகித்தார்கள். உள்ளூர் மருத்துவர்கள் போக மறுத்த சுரங்க நகரங்களிலும் ஆலைத் தெருக்களிலும் கிளினிக் நடத்தி, அந்தச் சேவையைத் தாங்கி நின்றவர்கள் அவர்கள். தங்கள் சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதை பொது மருத்துவர் என்ற முறையில் அவர்களுக்கு அங்கே கிடைத்தது. இது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்தச் சுரங்க ஊர்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற சிறிய கிராமம். 1960களின் தொடக்கத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் அங்கே வந்தார். தேடி வருபவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது என்று அவர் நினைத்தார். இரத்த அழுத்தம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது என்பதால், தன் பட்டியலில் இருந்த வயது வந்தோர் அனைவரின் பிரஷரையும் அளக்கத் தொடங்கினார். வராதவர்களை வரவழைத்தார். அப்படியும் வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். கால் நூற்றாண்டு இப்படிக் குறிப்பெடுத்து, மருந்து கொடுத்து, புகையை நிறுத்தச் சொல்லிப் போராடிய பிறகு, அதே மாதிரி வறுமையில் இருந்த பக்கத்துக் கிராமத்தைவிட இங்கே அகால மரணங்கள் குறைவாக இருப்பதைக் கணக்கோடு வெளியிட்டார். 1971இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்டால் இந்தக் கோணல் இன்னும் கூடும் என்பது அதன் சாரம்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே எண்ணம் தமிழ்நாட்டில் மாநில அளவிலான திட்டமாக வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், முற்றிய நோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல். வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இரத்த அழுத்தம் இருக்கிறது. இவ்வளவு பெரிய சுமையை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சமாளிக்க முடியாது. வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும். இந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் கிளின்கோரக்கில் இருந்த ஒன்று இங்கே இல்லை. அங்கே அளந்தவரும் மருந்து எழுதியவரும் பத்தாண்டு கழித்து விளைவைப் பார்த்தவரும் ஒருவரே. இங்கே தன்னார்வலர் அளக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் மாத்திரை எழுதுகிறார். அவர் மேற்படிப்புக்கோ இடமாற்றத்திலோ போய்விட அடுத்தவர் வருகிறார். அதே நோயாளி காய்ச்சல் என்றால் தெருமுனைத் தனியார் கிளினிக்குக்குப் போகிறார். அந்த டாக்டருக்கு இவர் அரசு மாத்திரை சாப்பிடுவது தெரியாது. அவர் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரை இவருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது தன்னார்வலருக்குத் தெரியாது. இரண்டு பேருமே நல்லவர்கள். நடுவில் இருக்கும் நோயாளிதான் யாருக்கும் முழுதாகத் தெரியாதவராக நிற்கிறார்.

பயிற்சிக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். இடங்கள் நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. படித்து முடித்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிக் கிளினிக் வைப்பதில்லை; நீட் முதுநிலைத் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் கோச்சிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா, மேலே என்ன பண்ணப் போறீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கும் சமூகத்தில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேற்படிப்பாகவே குடும்ப மருத்துவம் படிக்கலாம். தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்பு நெடுங்காலமாக இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதன்முதலாகக் கோழிக்கோடு எம்.டி. குடும்ப மருத்துவம் தொடங்கியது. எல்.எம்.பி. பள்ளியாகப் பிறந்த வேலூர் சி.எம்.சி., ஏற்கெனவே கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்காகத் தொலைநிலைப் பட்டயப் படிப்பை நடத்தி, அவர்கள் தங்கள் ஊரை விட்டு நகராமலே கற்க வழி செய்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2016இல் மருத்துவக் கவுன்சில் குறித்துத் தந்த அறிக்கையிலும் குடும்ப மருத்துவ மேற்படிப்பை வளர்க்கச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் எம்.டி. குடும்ப மருத்துவ இடங்கள் மற்ற துறைகளோடு ஒப்பிட்டால் கையளவே. கல்லூரிக்கு அந்தத் துறை கட்டாயம் இல்லை என்பதால் பேராசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் படிக்க வருபவர்கள் இல்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வேறொரு வழியைத் தேடியது. அதன் 32ஆம் பிரிவு, நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புள்ள பிறருக்குச் சமுதாய நலப் பணியாளர் என்ற பெயரில் வரையறுத்த அனுமதி வழங்கலாம் என்கிறது. நாடெங்கும் மருத்துவர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். எல்.எம்.பி. பள்ளிகளை மூடிய நாடு, அவர்கள் விட்டுப்போன இடத்தை நிரப்ப ஆள் இல்லாமல் எழுபது ஆண்டு கழித்து மறுபடி அதே வாசலைத் தட்டியது. செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ பல வேலைகளைத் திறம்படச் செய்ய முடியும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஒரு தேர்ந்த பொது மருத்துவரின் குழுவில் இருந்து செய்ய வேண்டும். அவருக்கு மாற்றாக அவர்களை நிறுத்துவது நோயாளிக்கும் அவர்களுக்கும் செய்யும் அநீதி.

இனி பணம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முதல்நிலை மருத்துவர் நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது, வங்கதேசத்தில் 48 விநாடி. நம் மருத்துவர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கிளினிக்கில் பத்து நிமிடம் கேட்பவர் இரண்டு நிமிடத்தில் அனுப்புபவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். கேட்பதற்கும் யோசிப்பதற்கும் கட்டணம் கிடையாது. ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் லேப் பரிசோதனைக்கும் உண்டு. சென்னை வியாசர்பாடியில் திருவேங்கடம் வீரராகவன், பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் போன்றவர்கள் ஐந்து ரூபாய் வாங்கி வாழ்நாள் முழுக்க ஏழைகளைப் பார்த்தார்கள். அவர்கள் மறைந்தபோது அந்தத் தெருக்கள் அழுதன. அவர்களை வணங்குவோம். ஆனால் மகான்களை நம்பி ஒரு நாட்டின் மருத்துவத்தை நடத்த முடியாது. வாடகை, கம்பவுண்டர் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உள்ள சாதாரண மருத்துவர் ஒருவர் நேர்மையாக வாழ வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

காப்பீட்டுத் திட்டங்கள் இங்கே கைகொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதன் தொடர்ச்சியான முதலமைச்சர் திட்டமும், 2018இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத்தும் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. பக்கவாதம் வந்தபின் லட்சக்கணக்கில் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது; அது வராமல் இருபது ஆண்டு பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பொது மருத்துவருக்கு ஒரு பைசா இல்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2021-22 கணக்கின்படி 39 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் கைக்காசிலிருந்து போயிற்று. அதில் பெரும் பகுதி வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரை, பரிசோதனைச் செலவு. மாற்று வழி நமக்குப் புதியதும் அல்ல. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ.யில் மும்பை, மேற்கு வங்கம் போன்ற இடங்களில் தனியார் மருத்துவர்களைப் பட்டியலில் சேர்த்து, அவர்களிடம் பதிவு செய்த தொழிலாளருக்குத் தலைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை நெடுங்காலம் நடந்தது. ஆள் நலமாக இருந்தாலும் மருத்துவருக்கு வருமானம் வரும். அதைச் சீர்செய்து விரிவாக்காமல் மங்க விட்டது நாம் தவறவிட்ட பெரிய வாய்ப்பு என்பேன்.

வருமானத்தின் இந்த ஓட்டைகள் வழியாகத்தான் கமிஷன் உள்ளே வந்தது. ஸ்கேன் சென்டரும் பெரிய மருத்துவமனையும் ரெஃபர் செய்யும் மருத்துவருக்குப் பங்கு கொடுப்பதை 2002ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு வாங்குவதை 2009இல் சேர்த்த திருத்தம் தடுக்கிறது. வாங்குபவர் தண்டிக்கப்படலாம், கொடுக்கும் கம்பெனிக்கான நடத்தை நெறிகள் 2024இல்தான் புதுப்பிக்கப்பட்டன, அவற்றிலும் சட்டத்தின் பல் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டு, மருந்தின் மூலப்பெயரை மட்டுமே எழுத வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் நிறுத்தி வைத்தது. மூலப்பெயர் எழுதுவது சரி. ஆனால் எல்லா ஊரிலும் தரம் சோதித்த மருந்து கிடைத்தால்தான் அது பயன்படும். இல்லையென்றால் எந்தக் கம்பெனி என்ற முடிவு டாக்டரிடமிருந்து மெடிக்கல் கடைக்காரரிடம் மாறும், அவ்வளவே.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் பொது மருத்துவர் மீது விழும் பழி பெரிது, அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு இரண்டு நாளில் குணம் கேட்கும் நோயாளி, இவர் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவார். 2012இல் சென்னையில் கூடிய நிபுணர்கள் வெளியிட்ட "சென்னைப் பிரகடனம்" கடுமையான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்க வழி காட்டியது. அத்தகைய மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதிக்கும் எச்1 அட்டவணை 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. "இது வைரஸ் காய்ச்சல், மூன்று நாள் பொறுங்கள், குறையாவிட்டால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்ப முடிவது, அந்த நோயாளி திரும்பித் தன்னிடமே வருவார் என்று தெரிந்த மருத்துவரால் மட்டும்தான்.

சட்டமும் அச்சமும் வேறு. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நோயாளிக்கு அது தேவையான உரிமை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதே நீதிமன்றம், மருத்துவரைக் குற்ற வழக்கில் இழுக்கும் முன் நிபுணர் கருத்துப் பெற வேண்டும் என்று காப்பும் கொடுத்தது. இருந்தும் தனியாகக் கிளினிக் நடத்துபவர் நெஞ்சுவலி என்று வந்தவரைத் தொடக்கூடத் தயங்கி உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கே போய்ச் சேரும் வழியில் இழக்கும் நேரம் சிலருக்கு உயிர். மருத்துவர்களைத் தாக்குவதைப் பிணையில் வர முடியாத குற்றமாக்கித் தமிழ்நாடு 2008இலேயே சட்டம் இயற்றியது. சட்டப் புத்தகம் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் மருத்துவருக்கு அது எவ்வளவு துணை என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வந்து பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய அற்றுப்போனதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

தொலைமருத்துவத்துக்கு ஊரடங்கின் முதல் நாளான 2020 மார்ச் 25 அன்று விதிமுறைகள் வந்தன. நாள்பட்ட நோயாளி ஒருவரைத் தன் பழைய மருத்துவர் போனில் பார்ப்பதற்கு அது அருமையான கருவி. முகம் தெரியாத ஒருவர் செயலி வழியே மாத்திரை எழுதுவதற்கு அதே கருவி ஆபத்தானது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தரும் அடையாள எண், மேலே சொன்ன தெருமுனைக் கிளினிக்கையும் அரசு சுகாதார நிலையத்தையும் இணைக்கக்கூடும். ஆனால் மாலையில் அறுபது பேரைப் பார்க்கும் தனி டாக்டருக்குக் கணினியில் பதிவேற்ற ஆளும் நேரமும் யார் தருவது என்பதற்குப் பதில் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவத் துறையைக் கட்டாயமாக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவான ஒவ்வொரு குடும்பத்துக்கும், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, பெயர் சொல்லக்கூடிய ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கை, ஆள் படுக்கையில் விழாமல் காப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுங்கள். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கலாம். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தலைவலிக்கு நேரே நரம்பியல் நிபுணரைத் தேடி ஓடும் முன், உங்கள் தெருவில் நல்ல பொது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய சீட்டுகளையெல்லாம் அவரிடம் காட்டுங்கள். அவர் ஊசி போடாமல் பேசி மட்டும் அனுப்பினாலும் கட்டணத்தை மனமுவந்து கொடுங்கள். அடுத்த முறையும் அவரிடமே போங்கள்.